பெரிய ஆளுக்குத் தைத்த தோல்

மார்ச் 2, திங்கள்

இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உடம்பு இளைத்தால் தோல் தொங்கும், தொங்கினால் கடையில் மானம் போகும், அப்புறம் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வேண்டி வரும். அத்தனையையும் வரிசையாகச் சொன்னவன் நான். யாரிடம் சொன்னேன் என்பதுதான் நினைவில்லை.

சர்க்கரை டாக்டர் மிரட்டியதில் சாப்பாட்டைப் பாதியாக்கி, காலையில் நடையாக நடந்து, நாற்பது கிலோ இறக்கினேன். கடையில் அறுபது என்று சொல்லி வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்கும் ஒரு சந்தோஷம் வேண்டாமா? ஆள் குறைந்தான், தோல் குறையவில்லை. பெரிய ஆளுக்குத் தைத்ததைச் சின்ன ஆள் மாட்டிக்கொண்டு திரிகிற மாதிரி வயிறு மடிந்து தொடை மேல் விழுகிறது. அதை அள்ளி பேண்டுக்குள் சொருகி, பெல்ட்டை இறுக்கிய பிறகுதான் குளியலறைக் கதவைத் திறப்பேன்.

சோபா, மெத்தை எல்லாம் யார் வேண்டுமானாலும் விற்கலாம். எங்கள் கடையில் மசாஜ் நாற்காலி என்றால் மாமாதான். மேனேஜர் உட்பட எல்லோருக்கும் நான் மாமா. இன்று ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். வழக்கம்போல நானே உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். நாற்காலி அதிர்ந்தது. சட்டைக்குள் வயிறு அதைவிட அதிர்ந்து, பெல்ட்டை மீறி வெளியே வந்து, தொடையில் டப் டப் என்று அடித்தது. அந்தம்மா திரும்பி நின்று பக்கத்து அலமாரியின் விலைச் சீட்டைப் படிக்க ஆரம்பித்தார். ஒரு விலைச் சீட்டில் அவ்வளவு நேரம் படிக்க என்ன இருக்கிறது?

மேனேஜர் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "மாமா, இனிமே கஸ்டமரை உக்கார வச்சுக் காட்டுங்க. நீங்க நின்னு பேசினா போதும்."

என் வயசுக்கு மரியாதை கொடுக்கிறான் என்று வீட்டில் சொன்னேன்.

மார்ச் 3

நாற்காலி விற்றுவிட்டது என்றும் சொல்லிவிட்டேன். விற்கவில்லை.

மார்ச் 9

விஷயத்தை அலசி ஆராய்ந்துவிட்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம். வழி இரண்டு. மெஷின் என்றால் தோலுக்கு அடியில் சூடு கொடுப்பார்கள், தோல் தானாகச் சுருங்கும், அன்றைக்கே வேலைக்குப் போகலாம். ஆப்பரேஷன் என்றால் மிச்சத் தோலை வெட்டி எடுத்துவிட்டுத் தைப்பார்கள், வாரக்கணக்கில் படுக்கை, இடுப்பைச் சுற்றித் தழும்பு.

வீட்டுக்காரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "நீங்களா முடிவு பண்ணாதீங்க. ரெண்டும் தெரிஞ்ச டாக்டரைப் பாருங்க. வெட்டணும்னு சொன்னா வெட்டிக்கலாம். வேண்டாம்னு சொன்னா நிம்மதி" என்றாள். கூட வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அங்கே சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். சட்டை இல்லாமல் அவள் என்னைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

கத்தி என்றால் எனக்குப் பயம் என்று யாரும் நினைக்கக் கூடாது.

மார்ச் 13

எனக்குத்தான் ஜெயம். ரெண்டும் தெரிந்த அந்த டாக்டரிடம் போய் வந்தேன். டாக்டரம்மா வயிற்றைத் தூக்கிப் பார்த்தார், கிள்ளிப் பார்த்தார், நிற்க வைத்து, குனிய வைத்துப் பார்த்தார். கடைசியில், "உங்க தோல் நல்ல தோல். உங்க வயசுல இப்படி நான் பாத்ததில்லை. கத்தியே வேண்டாம், மெஷின் போதும்" என்றார். எழுந்து நின்று கை வேறு கொடுத்தார்.

வீட்டில் அப்படியே சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "எவ்வளவு பயந்துட்டிருந்தேன் தெரியுமா" என்றாள்.

மார்ச் 20

மெஷின் வைத்திருக்கும் இடம் அழகு நிலையம் மாதிரி வாசனையாக இருக்கிறது. மெஷின்காரப் பெண் என்னை அங்கிள் என்றாள். வயிற்றைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கி, "லேசாத் தளர்ந்த தோலுக்குத்தான் இது கேக்கும் அங்கிள். டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றாள். அவர் சொல்லித்தான் வந்தேன் என்றேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. பசை தடவி, சூடாக எதையோ வைத்துத் தேய்த்தாள். இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வெளியே வந்தேன்.

ஏப்ரல் 8

மூச்சை இழுத்துப் பிடித்தால் வித்தியாசம் தெரிகிறது. விட்டால் தெரியவில்லை.

ஏப்ரல் 19

மடிப்புக்கு அடியில் வேர்வை தங்கிச் சிவந்திருக்கிறது. பவுடர் கொட்டினேன். அது கட்டி கட்டியாகி இன்னும் எரிகிறது. கடையில் மெத்தைப் பிரிவுப் பையன் நான் பக்கத்தில் போனால் நகர்ந்து நிற்கிறான். என்மேல் வாடை அடிக்கிறதா? யாரிடம் கேட்பது?

மே 4

பனியனில் கறை இருந்திருக்கிறது. துவைக்க எடுத்த வீட்டுக்காரி நேராகக் குளியலறைக் கதவுக்கு வந்துவிட்டாள்.

"கதவைத் திறங்க."

துண்டைச் சுற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"துண்டு வேண்டாம். திறங்க."

திறந்தேன். வேறு என்ன செய்ய? சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கையாலேயே மடிப்பைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் தோல் உரிந்து சதை தெரிந்தது.

"என்கிட்ட காட்டறதுக்கு வெக்கமா? அப்ப நான் யாரு உங்களுக்கு?"

வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டாள். துடைக்கத் துடைக்க அவளுக்குக் கோபம் ஏறியது. என்மேல் இல்லை. "இதைப் பாத்துட்டா மெஷின் போதும்னு சொன்னா அந்த டாக்டரம்மா? நாளைக்கு நானே வந்து கேக்கறேன்."

வேண்டாம், போகட்டும் என்றேன். "நீங்க சும்மா இருங்க. யார் எது சொன்னாலும் நீங்க நம்பிடுவீங்க" என்றாள்.

மே 5

போனோம். உள்ளே நுழைந்ததும் கேட்டுவிட்டாள். படிப்பு குறைந்த மனுஷன் என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புவீர்களா, புண் ஆன பிறகு யார் பொறுப்பு என்றெல்லாம் கேட்டாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நான் வாயைத் திறந்திருக்கலாம். என் கண் முன்னாலேயே அவர் திட்டு வாங்கினார்.

"அன்னிக்கு நான் இவருக்குப் புரியற மாதிரி சொல்லலை போல இருக்கும்மா. என் தப்புதான்" என்றார். சொல்லிவிட்டுப் புண்ணுக்கு மருந்து எழுதினார். புண் ஆறட்டும், சர்க்கரை கட்டுக்குள் வரட்டும், அடுத்த மாதம் ஆப்பரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றார். வெட்டினால்தான் அந்த மடிப்பு போகும், தழும்பு இருக்கும், ஆனால் இந்தப் புண் திரும்ப வராது என்று அவளுக்குப் படம் போட்டுக் காட்டினார். அவள் நன்றிகூடச் சொல்லாமல் எழுந்து வந்தாள்.

வரும் வழியெல்லாம் அந்த டாக்டரம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தாள். இப்போது உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், இன்னும் முணுமுணுப்பு ஓயவில்லை. போய்ச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒருமுறை இங்கே எழுதிப் பார்த்துக்கொள்கிறேன், நேரே போனால் வாய் வேறு எதையாவது சொல்லிவிடும்.

மார்ச் பதின்மூன்றாம் தேதி டாக்டரம்மா அப்படிச் சொல்லவே இல்லை. "மெஷினால இது போகாது, வெட்டித்தான் எடுக்கணும்" என்றார். அவர் மிச்சத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டேன். பொத்தான்களைப் படிக்கட்டில்தான் போட்டேன்.

என்னைத் தவிர யாரும் படிக்காத நோட்டு இது. இதிலும் பொய்தான் எழுதினேன். கை கொடுத்தார் என்று வேறு.