கதவுக்கு உள்ளே சொன்ன மன்றாட்டு

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

நேற்று நீ இறந்த முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தது. கோயில் வாசலில் சரசா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்கள் ஜெபக்கூட்டத்துக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்த அதே சரசா.

"போன வருஷம் கட்டி இருக்குன்னு அக்கா சொன்ன நாள்லேருந்து நாங்க எல்லாரும் வேண்டிக்கிட்டுத்தான் இருந்தோம் டீச்சர்," என்றாள்.

போன வருஷமா? எனக்கு நீ சொன்னது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் கைவிட்ட பிறகு.

வியாழக்கிழமைதோறும் உன்னை ஓட்டோவில் பல்லேபொலைக்குக் கூட்டிப்போனது நான். நீங்கள் எல்லாரும் அங்கே சரசா வீட்டில் சிலுவைக்கு முன் சம்மணமிட்டு, மூச்சை இழுக்கும்போது "யேசுவே" என்றும் விடும்போது "இரங்கும்" என்றும் சொல்வீர்கள்.

"யேசு சாமி எந்த ஆசிரமத்தில யோகா படிச்சாரு?" என்று கேட்டேன்.

"நீ படிச்ச கம்பஸ்ல இல்லடி, அது மட்டும் நிச்சயம்!" என்றாய்.

கதவு சாத்தப்படும். நான் வெளியே சாதிக்காய் மரத்தடியில் பரீட்சைத் தாள் திருத்துவேன். தியானத்துக்கு முன் ஒவ்வொருவரும் தன் மன்றாட்டை வாய்விட்டுச் சொல்வீர்களாம். அது அறையைத் தாண்டக்கூடாதாம். நான் கதவுக்கு இந்தப் பக்கம்தானே இருந்தேன், அக்கா?

வெளியே வரும்போது உன் முகம் மலர்ந்திருக்கும். "உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம்டி. யாராலயும் எடுக்க ஏலாது," என்பாய்.

அதெல்லாம் நடிப்பா என்று சரசாவிடம் கேட்டுவிட்டேன்.

"ஐயோ, இல்ல டீச்சர். அக்கா அழுதுகிட்டுத்தான் உட்காருவாங்க. எந்திரிக்கிறப்ப அந்தச் சிரிப்பு தானா வந்திரும்."

நடிப்பாக இருந்திருந்தால் மன்னிப்பது இலகு. மகிழ்ச்சி உண்மையாக இருந்திருக்கிறது. அழுகை அவர்களுக்கு, சிரிப்பு எனக்கு. யார் கேட்டார்கள் அந்தச் சிரிப்பை? தெரிந்திருந்தால் அன்றைக்கே உன்னைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பேன். அதற்குத்தான் பயந்தாயா? இல்லை, ஜெபிக்காதவளிடம் சொல்லிப் பயனில்லை என்று நினைத்தாயா?

வருகிற வியாழன் பல்லேபொலைக்குப் போகிறேன். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவேன். எனக்கு ஜெபம் வராது, மூச்சு வரும். என் மன்றாட்டைக் கேட்டால் உன் பெயரைச் சொல்வேன், உன் மேல் உள்ள கோபத்தையும் சேர்த்து. கதவைச் சாத்திக்கொண்டு சொல்ல எனக்குத் தெரியாது. அதனால்தான் எல்லாரும் வாசிக்க இந்தப் பகிரங்கக் கடிதத்திலும் எழுதுகிறேன். அழுதபடி உட்காருவேன் என்பது உறுதி. எழும்போது சிரிப்பேனா என்பதை வந்து சொல்கிறேன்.

இப்படிக்கு,
வாசலிலேயே உட்கார வைக்கப்பட்ட உன் தங்கச்சி,
ரீட்டா