ரொக்ஸ்பரோ இளவரசி

இஞ்சேருமப்பா,

நேற்று அவ்வளவு ஆடிப் பாடிய ஆளை எழுப்ப மனமில்லை. தேத்தண்ணி போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

ஹொலிவூட்டின் பழைய பாட்டுப் படம் ஒன்றைத் தமிழில் நாடகமாகப் போடுகிறோம், நான்தான் இளவரசி என்று நீர் சொன்னபோது, "ஐம்பத்தெட்டு வயசிலயோ?" என்று சிரித்தேன். நேற்று ரொக்ஸ்பரோ மண்டபத்தில் நீர் பாடத் தொடங்கியதும், பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத மனிதரிடம், "அது என்ர மனிசி" என்றேன். இடைவேளையில் அவருக்கே திரும்பவும் சொன்னேன்.

பேக்கரிக்காரனாக வேடம் போட்டுத் திரியும் அரசனாக நடித்த பற்றிக் அண்ணை, முழங்காலில் நின்று, "என்னைக் கலியாணம் செய்வீரோ?" என்று கேட்டார். நீர் பேசாமல் நின்றீர். வசனத்தை மறந்துவிட்டீர் என்று சனம் குசுகுசுத்தது. நீர் எதையும் மறக்கிற ஆளில்லை என்று எனக்குத் தெரியும். தலையை நிமிர்த்தி, அவரை வடிவாகப் பார்த்து, அதற்குப் பிறகுதான் "ஓம்" என்றீர். மண்டபமே எழும்பிக் கைதட்டியது. முதலில் எழும்பியது நான்.

எங்கள் சம்பந்தம் பேசியபோது, மொன்றியலில் இருந்த எனக்கு உம்முடைய போட்டோவை அனுப்பினார்கள். நான் போனில் உம்முடைய அண்ணையைக் கேட்டேன். அவர் "ஓம்" என்றார். உம்மை ஒருவரும் கேட்கவில்லை.

பின்னேரம் வருவேன். நோகும், ஆனாலும் முழங்காலில் நின்று கேட்பேன். அவசரமில்லை, ஆறுதலாகச் சொல்லும்.

பொம்பிளை கேட்டு வரும்
மாப்பிள்ளை