மீசை வைத்த மாமி

சின்னம்மா,

அச்சு மை மணக்கிறது. உங்கள் நினைவுக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகக் கட்டு இன்று மாலைதான் அச்சகத்திலிருந்து வந்தது. நாளை உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. சபையில் வாசித்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டும். அப்பா இன்னும் கட்டைப் பிரிக்கவில்லை. குண்டு போடப் பொம்மர் வரும்போதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. ஜாம் போத்தல் விளக்கைக் கட்டிலுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஊரில் யாருடைய கல்வெட்டு வந்தாலும் நீங்கள்தான் முதலில் வாசிப்பீர்கள். பழைய புலம்பல்களையே பெயரை மாற்றி மாற்றி அடிக்கிறார்கள் என்று கண்டுபிடித்ததும் நீங்கள்தான். குளத்தடி வாத்தியாருக்கு ‘ஏர் பிடித்த கையே’ என்று அடித்திருந்ததை ராகம் போட்டுப் படித்துவிட்டு, “பிள்ளை, அந்தாள் வெண்கட்டியைத் தவிர வேறை ஒண்டும் பிடிக்கேல்லை. நான் செத்தால் நான் எழுதினதைப் போடுங்கோ” என்றீர்கள்.

கடதாசி இல்லை, வேலையாட்களும் இல்லை. அச்சகத்து அண்ணை யாரோ ஒரு பெரியவருக்கு எழுத்துக் கோத்து வைத்திருந்த பக்கங்களில் உங்கள் பெயரைச் செருகி, பிழை பார்க்கத் தந்தார். கலியாணமே கட்டாத உங்களுக்கு மருமக்கள் புலம்பல்! ‘மீசை முறுக்கும் மாமாவே’ என்பதை ‘மாமியே’ ஆக்கியிருந்தார். மீசை அப்படியே இருந்தது.

அப்பாவிடம் காட்டினேன்.

“மீசையை எடுக்கச் சொல்லு. புலம்பல் இல்லாட்டில் சனம் என்ன கதைக்கும்?”

“சின்னம்மாவுக்கு மருமக்கள் இல்லையே, அப்பா?”

“பெறாமக்கள் எண்டு மாத்து. நீ இருக்கிறாய்தானே, புலம்பு.”

நான் புலம்பவில்லை. அச்சகத்துக்குப் போகும்போது, முன்பு சஞ்சிகையில் வந்த உங்கள் கட்டுரையையும் கொண்டுபோனேன். வாசிகசாலை ஆண்டுவிழா மேடையில் குறட்டை விட்ட தலைவரைப் பற்றியது. தலைவர் அப்பாதான். அது வெளிவந்த பிறகு அவர் உங்களோடு கதைக்கவே இல்லை. நீங்கள் பக்கத்தில் நின்று புட்டுப் போடும்போதும், “உம்மடை தங்கச்சியிட்டைச் சொல்லும், சம்பல் காணாது” என்று அம்மாவிடம் சொல்வார். “அத்தானிட்டைச் சொல்லக்கா, தேங்காய் முடிஞ்சுது” என்பீர்கள் நீங்கள்.

“உந்தக் கட்டுரையை மறுபிரசுரம் செய்யக் கொப்பர் சொன்னவரோ?” என்று அச்சகத்து அண்ணை சந்தேகமாகக் கேட்டார்.

“ஓம்” என்றேன். அவர் புலம்பலைப் பிரித்துப் போட்டுவிட்டு உங்கள் கட்டுரையைக் கோக்கத் தொடங்கினார். கோக்கும்போதே சிரிப்பில் அவருடைய தோள் குலுங்கியது.

சின்னம்மா, முன்னறையில் இப்போது கட்டு அவிழ்கிறது. தாள் புரளுகிறது.

“இஞ்சரும்,” அம்மாவை எழுப்புகிறார். “உவள் பொய் எழுதியிருக்கிறாள். நான் குறட்டை விடேல்லை. நித்திரைதான் கொண்டனான்.”

பிறகு மூக்கைச் சீறும் சத்தம். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார் என்று காத்திருக்கிறேன். கூப்பிடவில்லை.

“நாளைக்கு உதை நானே வாசிக்கிறன். வேறை ஆரும் வாசிச்சால் இழுத்துக் கெடுத்துப் போடுவினம்.”

நாளை நான் பெண்களோடு இருந்து அழவேண்டும். செத்த வீட்டில் சிரிப்பை அடக்க உங்களுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அது மட்டும் குறையில்லாமல் எனக்கு வந்திருக்கிறது.