மோவாய் மரத்துப்போன ஆண்டு

அண்ணி,

விடுதியில் என் அறைத்தோழனுக்குப் பல்வலி. கிராம்புத் தைலத்தில் நனைத்த பஞ்சைக் கடைவாயில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். அறை முழுக்க அந்த வாசனை. படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். கண்முன் கள்ளக்குறிச்சிப் பல் டாக்டரின் முன்னறை. நீங்கள் மரப்பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானை நுனியால் கீழுதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறீர்கள்.

முதலில் யாரும் அதை நோயென்று நினைக்கவில்லை. நைனார்பாளையத்தில் நம் வீட்டில், மணிலாக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்த ஒரு மதியம், வெற்றிலைச் சாறு உங்கள் மோவாயில் வழிந்தது. உங்களுக்குத் தெரியவில்லை. அம்மா சொன்ன பிறகு தொட்டுப் பார்த்தீர்கள்.

"இன்னா அத்த இது, வேற யாரு மோவாயவோ தொடற மாதிரி இருக்குது!"

"சுண்ணாம்ப ஜாஸ்தியா தடவிக்கினா மரத்துப் போவாம இன்னா செய்யும்?" என்றாள் அம்மா.

எல்லாரும் நம்பினோம். நீங்கள் வெற்றிலையை விட்டீர்கள். ஒரு மாதம். உணர்ச்சி திரும்பவில்லை. பிறகு கீழ்க் கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கியது. அண்ணன் வீட்டில் தங்காத நாட்கள் அவை. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துக்கு ஆள் திரட்ட ரிஷிவந்தியம், திருக்கோவிலூர் என்று சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தார். எம்.ஏ. முடித்துவிட்டுச் சும்மா இருந்த நான் உங்களுக்குத் துணையாகப் பல் டாக்டரிடம் வந்தேன்.

உங்கள் வாய்க்குள் கருவி இருந்தது. டாக்டர் என்னிடம் கேட்டார்.

"இவங்களுக்கு முன்ன பெரிய வியாதி, ஆபரேஷன், எதனா உண்டாப்பா?"

"இல்லீங்க."

மூன்று ஆண்டுகளுக்கு முன் உங்கள் இடது மார்பை எடுத்திருந்தார்கள். எனக்குத் தெரியும். வீட்டில் அதற்கு 'அந்த ஆபரேஷன்' என்று பெயர். திரைக்கு அந்தப் பக்கம் நான்கு ஆண்கள் காத்திருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி, அண்ணியின் உடம்பில் அந்த இடத்தைக் கொழுந்தன் எப்படிச் சொல்வது? யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. வாய் தானாக இல்லை என்றது.

பல்லைப் பிடுங்கிய பின், பஸ் நிலையத்தில் பஞ்சைக் கடித்தபடி கேட்டீர்கள்.

"ஏம்பா இல்லன்னு சொன்ன?"

"பல்லுக்கும் அதுக்கும் இன்னா அண்ணி சம்பந்தம்?"

"அதுவும் சரிதான்."

பல் பிடுங்கிய இடம் ஆறவில்லை. வலி தாடையிலிருந்து காதுக்கு ஏறியது. மறுபடியும் அதே பெஞ்சு, அதே தைலம். இரண்டு மாதம் போயிற்று. புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்று முடிவு செய்த வாரத்தில், போராட்டக்காரர்கள் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு பஸ் ஓடவில்லை. அண்ணன் அப்போதுதான் கைதானார். தாடையில் துணியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்ற நீங்கள் சொன்னீர்கள்: "உங்கண்ணன் வெட்டன புளியமரமா பாத்து ஏறிக் குதிச்சிப் போவலாமா?" எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை.

வழி திறந்ததும் போனோம். மரங்கள் ஓரமாக உருட்டிவிடப்பட்டிருந்தன. இலைகள் இன்னும் காயவில்லை.

அங்கே ஒரு பெண் டாக்டர். அதே கேள்வி. நான் தரையைப் பார்த்தேன். உங்கள் குரல் கேட்டது.

"மார்ல கட்டி வந்து எடுத்துட்டாங்க. இடது பக்கம். மூணு வருசமாச்சு. இவன் என் கொழுந்தன், சொல்ல வெக்கப்படறான்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் அவர்களைத் திருப்பிப் பார்த்தீர்கள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

படம் எடுத்தார்கள். சதை எடுத்துப் பார்த்தார்கள். மார்பில் வந்த புற்றுநோய்தான் தாடை எலும்புக்குப் பரவியிருந்தது. எலும்புக்குள் ஓடும் நரம்பை அது அழுத்தியதால்தான் மோவாய் மரத்தது. முதுகெலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவுவதுண்டு, தாடைக்கு வருவது அபூர்வம் என்றார் டாக்டர்.

"மார்ல இருந்தது மோவாய்க்கு எந்த வழியா வந்துச்சிங்க?"

"ரத்தத்தோட போகும்மா."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "பாத்தியா? ஊர் ரோட்டையெல்லாம் மறிச்சானுங்க. இத மறிக்க ஒருத்தன் இல்ல."

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்ததற்காகக் குனிந்துகொண்டார்.

நீங்கள் வெளியே போன பின் அவரிடம் கேட்டேன். அன்றே நான் சொல்லியிருந்தால்? அவர் மழுப்பவில்லை. "குணமாகியிருக்காது. ஆனா பல்லப் பிடுங்கியிருக்க மாட்டாங்க. ரெண்டு மாச வலி கம்மியாகியிருக்கும்."

ரெண்டு மாச வலி.

திரும்பும் பஸ்ஸில் அதை உங்களிடம் சொன்னேன். பஸ் விழுப்புரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. "நீ சொல்லல. நானுந்தான் சொல்லல. வாயில கருவி இருந்திச்சின்னா கை சும்மாதான இருந்திச்சி? தொட்டுக் காட்டியிருக்கலாம் இல்ல?" என்றீர்கள். குற்றத்தில் பாதியை எடுத்துக்கொண்டீர்கள். மீதி என்னிடம்தான் இருக்கிறது. அதை நீங்கள் கேட்கவில்லை.

தாடைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். வலி அடங்கியது. "தெனம் வயல்லருந்து அந்த மலையப் பாத்துக்கினே இருக்கறேன், ஒரு நாளுகூட ஏறல" என்றீர்கள். கல்வராயன் மலைக்கு ஜீப்பில் போனோம். வெள்ளிமலையில் ஒரு பெண் இலையில் தேன் ஊற்றித் தந்தாள். அது உங்கள் மோவாயில் வழிந்தது. துண்டை எடுத்தேன்.

"வுடு. நாக்குக்குத் தெரியுது இல்ல."

வெயிலில், வழியும் தேனோடு, அவ்வளவு நிம்மதியாக ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. அடுத்த தை மாதம் போய்விட்டீர்கள்.

மலைக்குப் போவதற்கு முன் நடந்த ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தேன். புதுச்சேரியிலிருந்து திரும்பிய மறுநாள், ஜெயிலில் இருந்த அண்ணனுக்கு என்னைக் கடிதம் எழுதச் சொன்னீர்கள். எழுதிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி, விரல் வைத்துப் படித்தீர்கள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"'உடம்பில் இருந்த வியாதி'ன்னு போட்டிருக்கற. ஒடம்புன்னா எந்த எடம்? அடிச்சிட்டு மார்புன்னு எழுது."

"ஜெயில்ல பிரிச்சிப் படிப்பாங்க, அண்ணி."

"படிக்கட்டும். அவங்க வூட்லயும் பொம்பளைங்க இருக்கறாங்க இல்ல?"

அடித்துவிட்டு எழுதினேன். அதற்குள் என் இரண்டு கதைகள் பத்திரிகையில் வந்திருந்தன. எழுதத் தெரியுமென்று நினைத்திருந்தேன்.

இப்போதும் எதை எழுதினாலும் முதல் பிரதியில் எங்காவது ஒரு 'உடம்பு' வந்து உட்கார்ந்துகொள்கிறது. தேடிப் பிடித்து அடிக்கிறேன். இந்த மடலிலும் மூன்று இடத்தில் அடித்தேன், அண்ணி.