கஸ்பாரேயின் கூடைத் துணி

மார்ச் 3
பலெர்மோ நகரம், பல்லாரோ சந்தை. வெளியூர்க்காரர்களைத் தெருத் தெருவாக நடத்தித் தின்னவைக்கும் சக்கரவர்த்தி லிபோரியோ ஆகிய நான், இன்று ஒரு படையையே மண்ணீரல் ரொட்டியால் வீழ்த்தினேன். ஒரு ஜெர்மானியர் அழுதார். மிளகா, பக்தியா, தெரியவில்லை.

கடைசி நிறுத்தம் வழக்கம்போல கஸ்பாரே. கன்றின் கொழுப்பையும் குருத்தெலும்பையும் வறுத்த பிரித்தோலா அவன் கூடையில், துணிக்கு அடியில் இருக்கும். கையை உள்ளே விடுவான், காகிதத்தில் வைப்பான், தின்போம். எட்டிப் பார்க்கிற பழக்கம் இங்கே பிறந்த எவனுக்கும் கிடையாது.

"உள்ளே ஒரு பிஷப்பே படுத்திருக்கிறார்" என்று கூட்டத்திடம் சொன்னேன்.

"இந்தத் துணியால முதல்ல உன் வாயை மூடணும்டா" என்றான் கஸ்பாரே. ஒரே சந்தில் பிறந்தவர்கள், இப்படித்தான் பேசிக்கொள்வோம்.

மார்ச் 9
சுற்றுலா ஏஜென்சியில் இருக்கும் அக்கா மகள் மிரெல்லா கூப்பிட்டாள். "மாமா, உன்கூட வந்தவங்க என்னத்தைத் தின்னோம்னே காட்டலைன்னு விமர்சனத்துல எழுதியிருக்காங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைப் போட்டுருவாங்க."

வேற ஆளா? எரிமலையை எடுத்துவிட்டு மெழுகுவர்த்தி வைப்பார்களா?

தூக்கம் வரவில்லை.

மார்ச் 14
கூட்டத்தில் ஒரு பெண் செல்போனை நீட்டி, கூடைக்குள்ளே என்ன என்று கேட்டாள். கஸ்பாரே எலுமிச்சை நறுக்கத் திரும்பியிருந்தான். நான் துணியைத் தூக்கினேன். ரெண்டே விரல்தான். கண் சிமிட்டுற நேரம். அதுக்குப் போய் —

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி, சாயங்காலம் ஒன்றாகக் குடித்திருப்போம். கூடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டான்.

எதிர்க்கடை காய்கறிக்காரி பினாதான் கேட்டாள்: "உன் வீட்டுப் படுக்கைப் போர்வையையும் இப்படித்தான் தூக்கிக் காட்டுவியா லிபோரியோ?"

மார்ச் 15
அவன் வரவில்லை.

மார்ச் 22
அவன் ஜன்னலுக்குக் கீழே நின்று மன்னிப்புக் கேட்டேன். கல்லறையில் கிடப்பவர்கள் எழுந்து வந்து 'சரி விடுப்பா' என்று சொல்லும் அளவுக்குக் கேட்டேன். மேலே ஜன்னல் கதவைச் சாத்தினார்கள். மெதுவாகத்தான்.

ஏப்ரல் 6
வேலை போகவில்லை. இப்போது கண்ணாடிப் பெட்டி வைத்த ஒரு கடையில் நிறுத்துகிறேன். எல்லாம் தெரிகிறது. எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள். என் கதைகள்தான் தொண்டையில் எலும்பாக நிற்கின்றன.

ஏப்ரல் 19
கஸ்பாரே மீன்கடை மூலையில் நிற்கிறான் என்று பினா சொன்னாள். கூட்டம் எதுவும் இல்லாமல் தனியாகப் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்களுக்குக் கை உள்ளே போனது, காகிதத்தில் வந்தது, ஆளுக்கொரு வசவும் சேர்ந்து வந்தது.

எனக்குத் தட்டில் வைத்தான். முள்கரண்டி கொடுத்தான். முகத்தில் கோபமே இல்லை.

"எந்த ஊருங்க நீங்க?" என்றான்.

"பலெர்மோ."

"நல்ல ஊர்னு சொல்லுவாங்க" என்றான். அடுத்த ஆளைப் பார்த்தான்.