கல்லறைக்கு ஓர் ஆங்கிலச் சொல்

1931 ஜூலை 14, செவ்வாய். நாள் முழுவதும் மழை.

பாளையம் கல்லறைத் தோட்டத்தில் என் கணவருடைய கல்லறைக்கான வாசகத்தைக் கொழுந்தன் இன்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்தார். இந்தக் கல்லை நாட்டுபவர் "அவருடைய ரெலிக்ட், எஸ்தர்" என்று அதில் என்னைக் குறித்திருந்தது. 'வைஃப்' என்று போட்டால் போதாதா என்று கேட்டேன்.

"மைனி, துரைமாருக்க கல்லறையில எல்லாம் இப்பிடித்தான். விதவைக்குக் கௌரவமான வார்த்தையாக்கும்."

"அப்போ உம்ம காலத்துக்குப் பெறவு உம்ம பெஞ்சாதிக்கு அந்தக் கௌரவத்தைக் குடும்."

சிரித்தார். கல் வெட்டுகிறவன் காலையில் வருவான், அதற்குள் முடிவு சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

பிழை கண்டுபிடிக்கத்தான் அகராதியை எடுத்தேன். இலத்தீனிலிருந்து வந்த சொல். விட்டுச் செல்லப்பட்டவள் என்று பொருள். பேச்சில் யாரும் வழங்குவதில்லை, கல்லிலும் உயிலிலும்தான். மனைவியை இழந்த ஆணைப் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லையாம். கான்வென்டில் படித்த எனக்கே அதில் ஒரு பிழையும் கிடைக்கவில்லை. மார்ச் மாதத்திலிருந்து இந்த வீட்டில் நான் அதுதான். ஒருத்திக்கு மட்டும் உலை வைக்க இன்னும் கை பழகவில்லை.

சொல் சரிதான். ஆனால் அவர் என்னை விட்டுப் போனதைக் கல்லில் வெட்டி ஊருக்குச் சொல்ல எனக்கு மனமில்லை. 'வைஃப்' என்றே வெட்டட்டும். கொழுந்தனுக்கு வருத்தம் வரும். வரட்டும். கண் எரிகிறது.