கார்ட்டூன் மாமியாரின் குரல்

மும்பை

அம்மாவுக்கு ஹேதலின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

டிவி நாடகத்து மாமியார் இப்போது குழந்தைகளுக்கான கார்ட்டூனிலும் வருகிறாள் இல்லையா, அவளுக்குக் குரல் கொடுப்பது நான்தானே! நாடகத்தில் அந்த மாமியாராக நடித்த நிருபமாபென்னே நேற்று ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். இனி அவரே பேசுவார், என் வேலை போயிற்று என்று நினைத்தேன்.

நான் பேசியதைக் கேட்டுவிட்டு, "இந்த அதட்டலை யார்கிட்டடி கத்துக்கிட்ட?" என்றார்.

"எங்க அம்மாகிட்ட."

"நான் என் மாமியார்கிட்ட திருடினேன். உன்னுது பிறந்ததுலேர்ந்து கேட்டு வந்தது, அதுதான் அசல். நீயே பேசு!" என்று சிரித்தார்.

நீங்கள் சுடும் தேப்லா ரொட்டியும் மாங்காய் ஊறுகாயும் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் நலம் மட்டும் விசாரித்துவிட்டு வைத்துவிடாதீர்கள். கொஞ்சம் திட்டுங்கள். இங்கே என்னைத் திட்ட ஆளில்லை.

ரெக்கார்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் ஹேதல்